வளரும் பிள்ளையின் முதுகு வளைந்தால்: ராமநாதபுரம் கடலோரப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பத்து வயதுக்கு மேல் ஒரு பெண்பிள்ளையின் முதுகை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. தானே குளிக்கிறாள், தானே உடுத்துகிறாள், துப்பட்டா போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிற ஸ்கோலியோசிஸ் வேகமெடுப்பது சரியாக அந்த வருஷங்களில்தான். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. பெரிய மனுஷியாகி ஒன்றிரண்டு வருஷம் கழிந்து, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து அழைத்து வருகிறார்கள். அதற்குள் உயரம் கூடுவது ஏறக்குறைய நின்றிருக்கும். உடம்பைச் சுற்றிப் போடும் பிரேஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டால் வளைவைத் தடுத்திருக்கக்கூடிய காலம் போயிருக்கும்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, தீவுப் பக்கம் பாம்பன், தங்கச்சிமடம் வரை உள்ள தாய்மார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த நோயில் காலம்தான் முக்கியமான மருந்து. அந்தக் காலத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதைத்தான் இதில் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எது வளைவு

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகெலும்பும் வளைந்துதான் இருக்கும். கழுத்தில் உள்வாங்கி, நெஞ்சுக்குப் பின்னால் வெளியே வந்து, இடுப்பில் மறுபடி உள்ளே போகும். அது இயற்கை. பின்னாலிருந்து பார்க்கும்போது மட்டும் நேராக இருக்க வேண்டும். அப்படிப் பார்க்கையில் வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்திருந்தால், கூடவே எலும்புகள் தம் அச்சில் திருகியும் இருந்தால், அது ஸ்கோலியோசிஸ். இந்தத் திருகலோடு விலா எலும்புகளும் திரும்புவதால்தான் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது.

வளைவை எக்ஸ்ரேயில் டிகிரியாக அளக்கிறார்கள். ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948-ல் விளக்கிய முறை அது. அதனால் ரிப்போர்ட்டில் ‘காப் கோணம்’ என்றே இருக்கும். 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரிளம் பருவத்தில் 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும். சிறிய வளைவுகள் ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக வருகின்றன. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கூடுவது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு.

பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று தெரியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால், தாய்மார்கள் முதலில் சொல்லும் காரணம் வேறு. “நாந்தான் தண்ணிக்குடம் தூக்க விட்டேன், ஒரே பக்கமா இடுப்புல வச்சு வச்சு வளைஞ்சிருச்சு” என்பார்கள். நல்ல தண்ணீருக்கு நடக்க வேண்டியிருக்கும் நம் கரையில் இந்தக் குற்ற உணர்ச்சியைப் பல வீடுகளில் பார்க்கலாம். குடம் தூக்கியதால் ஸ்கோலியோசிஸ் வராது. புத்தகப் பையாலும் வராது, ஒருக்களித்துப் படுப்பதாலும், கூனிப் போட்டு செல்போன் பார்ப்பதாலும் வராது. கனமான பையால் முதுகு வலிக்கலாம், அது வேறு. பையைப் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்தால் போதும். உங்கள் பிள்ளைக்கு வளைவு வந்திருந்தால் அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

மீதி இரண்டு பேருக்குக் காரணம் இருக்கும். சிலருக்குக் கருவிலேயே ஒரு முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மூளை வாதம், தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைகளுக்குத் தசைகள் தாங்காமல் வளைவு வரும். இவர்களுக்கெல்லாம் சிகிச்சைப் பாதையே தனி.

முதல் படி: வீட்டில் பார்ப்பது

ஒன்பது வயது தொடங்கியதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பெண்பிள்ளைக்கு வயதுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகும் வரையும், பையனுக்கு 16 வயது வரையும் தொடருங்கள். பள்ளிக்கூட லீவு விடும் மே மாதத்தில் ஒரு தடவை, அரைப் பரீட்சை லீவில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு, தாயோ அக்காவோ அப்பத்தாவோ பார்த்தால் போதும். முதுகு முழுக்கத் தெரிய வேண்டும், தலைமுடியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். பக்கத்திலிருந்து டியூப்லைட் அடித்தால் நிழல் விழுந்து இல்லாத மேடு இருப்பதுபோல் காட்டும்.

முதலில் நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு தோள் ஏறி இருக்கிறதா, ஒரு தோள்பட்டை எலும்பு வெளியே தள்ளி நிற்கிறதா, தொங்கும் கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, தலை இடுப்புக்கு நேர் மேலே இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு குனியச் சொல்லுங்கள். இதுதான் முக்கியம். பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு, முதுகு தரைக்குச் சமமாக வரும் வரை மெதுவாகக் குனிய வேண்டும். தொழுகையில் ருகூவுக்குக் குனிந்து பழகிய பிள்ளைகளுக்கு இது எளிது, கையை மட்டும் முழங்காலில் ஊன்றக் கூடாது. நீங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து, கண் முதுகின் மட்டத்துக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை குனியக் குனிய முதலில் மேல்முதுகு, அப்புறம் நடுமுதுகு, கடைசியில் இடுப்பு என்று ஒவ்வொரு இடமாக மட்டத்துக்கு வரும். எங்காவது ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. சும்மா சாய்ந்து நிற்கிற பழக்கத்தால் வந்த கோணல் என்றால் குனிந்ததும் காணாமல் போகும். உண்மையான வளைவு குனிந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1865-ல் விவரித்த இந்தச் சோதனையைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

ஒரு கால் குட்டையாக இருந்தாலும் இடுப்பு சாய்ந்து முதுகு வளைந்ததுபோல் தெரியும். பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து மறுபடி குனியச் சொல்லுங்கள். மேடு மறைந்தால் காலைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்களில் பெற்றோரைவிட முந்திக் கண்டுபிடிப்பவர்கள் தையல்காரப் பெண்கள். ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்கும்போது, “அக்கா, இந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் டாப்ஸ் தூக்கிட்டே நிக்குது, போன வருஷம் இப்படி இல்லையே” என்பார்கள். அந்தப் பேச்சைத் தட்டிவிடாமல் அன்று ராத்திரியே முதுகைப் பாருங்கள்.

கதவு நிலையில் பென்சிலால் பிள்ளையின் உயரத்தை மாதாமாதம் குறித்துத் தேதியும் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்தக் கோடுகளே பதில். பெண்பிள்ளைகள் வேகமாக வளர்வது முதல் மாதவிலக்குக்கு முந்திய ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை. அப்போது ஒரே வருஷத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் கூடும், வளைவும் அந்த வேகத்தில் கூடும். வயதுக்கு வந்த பிறகு சுமார் இரண்டு வருஷம் வளர்ச்சி தொடரும். ஆகவே வயதுக்கு வந்த தேதி இங்கே ஒரு மருத்துவக் குறிப்பு. அதை எழுதி வையுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

சாதாரண ஸ்கோலியோசிஸ் பிள்ளையை ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பாது. இரவில் வலி, நடக்கும்போது கால் இழுப்பது அல்லது தடுமாறுவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, கீழ்முதுகின் நடுவில் முடிக்கொத்து, உடம்பில் பால் காப்பி நிறத்தில் பல தேமல், பத்து வயதுக்கு முன்பே தெரியும் வளைவு, இவற்றில் எது இருந்தாலும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இவர்களுக்குப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும்.

முதுகெலும்புக் காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. பக்கவாட்டு வளைவாக இல்லாமல், முதுகில் ஒரே இடத்தில் முட்டிபோல் எலும்பு துருத்தி, பிள்ளை முன்னால் மடங்கியதுபோல் நிற்கும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, குனிந்து ஒரு பொருளை எடுக்கச் சொன்னால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பது, இவை அடையாளம். இந்தக் கூனை யாரும் அழுத்தவோ நீவவோ விடாதீர்கள். எலும்பு உளுத்திருக்கும் இடத்தில் அழுத்தினால் தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழக்கும். அரசு மருத்துவமனையில் காசநோய் மருந்து முழுக்க இலவசம். ஒரு வருஷம் வரைகூட விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும், ஆனால் குணமாகும்.

இரண்டாம் படி: எங்கே போவது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம், 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. முதுகெலும்புக்கென்றே உள்ள நிபுணரைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டியிருக்கலாம். ராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 170 கிலோமீட்டர். போகிறபோது உயரக் குறிப்பு, மாதவிலக்குத் தேதி, பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் குடும்பங்களில், “தடைக்காலம் வரட்டும், அவுக கடலுக்குப் போகாம வீட்டுல இருப்பாக, அப்பப் போகலாம்” என்று தள்ளிவைப்பது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான அந்த 61 நாள் வசதியானதுதான். ஆனால் ஆகஸ்டில் மேடு தெரிந்து அடுத்த ஏப்ரலில் போனால், வளரும் பிள்ளைக்கு நடுவில் எட்டு மாதம் ஓடியிருக்கும். முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்தடுத்த பயணங்களைத் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எக்ஸ்ரே

நின்றபடி, கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே படமாக எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்த படத்தில் வளைவு குறைத்துக் காட்டும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. கதிர் முதுகுப் பக்கமிருந்து நெஞ்சுப் பக்கம் போகும்படி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், மார்பில் படும் கதிர்வீச்சு குறையும்.

இரண்டு எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, காப் கோணம். இன்னொன்று, ரிஸர் நிலை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வளர்ச்சி எவ்வளவு முடிந்திருக்கிறது என்று 0 முதல் 5 வரை சொல்வது அது. 0 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்துவிட்டது. கோணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வருவது பாதிக் கணக்குதான். ரிஸர் 0-வில் 22 டிகிரி என்பது, ரிஸர் 4-ல் 32 டிகிரியைவிட அவசரமானது.

அளவெடுப்பதில் ஐந்து டிகிரி வரை முன்பின் வரும். போன தடவை 18, இந்தத் தடவை 21 என்றால் பதற வேண்டாம். ஆறு டிகிரிக்கு மேல் கூடினால்தான் வளைவு நகர்கிறது என்று பொருள்.

நான்காம் படி: என்ன செய்வது

வளர்ச்சி பாக்கியுள்ள பிள்ளைக்கு 10 முதல் 25 டிகிரி வரை என்றால் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. 25 முதல் 40 வரை என்றால் பிரேஸ். 20-ஐத் தாண்டியது வேகமாகக் கூடினால் முன்னாலேயே போடுவார்கள். 45, 50-ஐத் தாண்டினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். வளர்ச்சி முடிந்த பிறகு 30-க்குள் நின்ற வளைவு பெரும்பாலும் அதற்கு மேல் கூடாது. 50-ஐத் தாண்டிய நெஞ்சுப் பகுதி வளைவு, வளர்ச்சி முடிந்தும் வருஷத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகும். 50 என்ற எண்ணுக்கு மருத்துவர்கள் இவ்வளவு முக்கியத்துவம் தருவது அதனால்தான்.

பிரேஸ்: நம் வெயிலில் எப்படிப் போடுவது

நம்மூரில் பெல்ட் என்றே சொல்வார்கள். ஆன்லைனில் விற்கும் தோள்பட்டைப் பெல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதற்குச் செலவழிக்க வேண்டாம். இது பிள்ளையின் உடம்புக்கு அச்செடுத்துச் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. உள்ளே வைத்த பட்டைகள் வளைவின் மேட்டில் அழுத்தும்.

பிரேஸ் போட்டால் முதுகு நேராகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இருக்கும் வளைவு கூடாமல் வளர்ச்சி முடியும் வரை நிறுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சி முடிந்தது. கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் அது 48 சதவீதம். சராசரியாக நாளுக்கு 13 மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தப்பினார்கள். எத்தனை மணி நேரம் போட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 18 மணி நேரம் போடு என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். பள்ளிக்குப் போட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு, பள்ளி நேரம் ஆறு மணி நேரத்தை விட்டுவிட்டு மீதி முழுக்கப் போடும்படி மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். அரைமனதாக 23 மணி நேரம் என்று சொல்லிவிட்டு எட்டு மணி நேரம் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சித்திரை வெயிலில் இந்தக் கூட்டுக்குள் பிள்ளை வெந்துபோகும், அது உண்மை. உள்ளே தையல் மடிப்பில்லாத மெல்லிய பருத்தி பனியன், தையல் இருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டது, நாளுக்கு மூன்று தடவை மாற்ற வேண்டும். பனியனில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அந்த இடம் சிவந்து புண்ணாகும். நம் கரையில் இன்னொரு தொல்லை உண்டு. ஆழ்குழாயில் வருவது பல ஊர்களில் உப்புத் தண்ணீர். அதில் குளித்துத் துவட்டிய தோலில் உப்பு படிந்திருக்கும், பிரேஸ் போட்டதும் அந்த உப்பே அரிக்கும். கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரை விலாவிலும் இடுப்பிலும் ஊற்றி, ஒற்றித் துடைத்து, காற்றில் நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். தேங்காய் எண்ணெயோ பவுடரோ பிரேஸுக்கு அடியில் தடவக் கூடாது. எண்ணெய் தோலை மிருதுவாக்கிச் சீக்கிரம் உரியவைக்கும், பவுடர் வியர்வையில் கட்டி தட்டும். கூட்டைத் தினமும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும்.

கழற்றியதும் தோல் சிவந்திருக்கும். அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால், கொப்புளம் கிளம்பினால், பிரேஸ் செய்தவரிடம் போய்த் திருத்த வேண்டும். பட்டையைத் தளர்த்திப் போட்டுச் சமாளிப்பது கூடாது. மருத்துவர் இறுக்கிக் காட்டிய இடத்தில் பட்டையின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். தினமும் அந்தக் கோடு வரை வர வேண்டும். வயிறு அழுந்துவதால் ஒரே வேளையாக நிறையச் சாப்பிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து தடவை கொடுங்கள். விளையாட, கடலில் குளிக்க, குளத்தில் நீந்தக் கழற்றலாம். விளையாட்டை நிறுத்தவே கூடாது.

போட்ட ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பிரேஸோடு ஓர் எக்ஸ்ரே எடுத்து, அழுத்தம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாத பிரேஸ் வெறும் சுமை. பிள்ளை வளர வளரப் பிரேஸும் மாறும்.

உடற்பயிற்சியும் எண்ணெயும்

பயிற்சி தேவை. ஜெர்மனியின் கத்தரீனா ஷ்ராத் தொடங்கிய முறைபோல, ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்றபடி மூச்சையும் நிற்கும் விதத்தையும் பழக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. பிரேஸோடு சேர்த்துச் செய்தால் தசை வலுவாக இருக்கும். கற்ற பிசியோதெரபிஸ்டிடம் பழகி வீட்டில் தினமும் செய்யலாம். பிரேஸ் போட வேண்டிய வளைவுக்குப் பயிற்சி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். யோகா, நீச்சல் எல்லாம் உடம்புக்கு நல்லது, வளைவைக் குறைக்காது.

எண்ணெய் தேய்த்துவிடும் அப்பத்தாவின் கைக்கு வலியைத் தணிக்கும் சக்தி உண்டு. முதுகை உலுக்கி, நெட்டி முறித்து நேராக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். எலும்பின் திருகலைக் கையால் திருப்ப முடியாது. அங்கே போகும் பணத்தைவிட, அங்கே போகும் ஆறு மாதம்தான் பெரிய நஷ்டம்.

அறுவைச் சிகிச்சை என்று சொன்னால்

முதுகுத் தண்டில் கை வைத்தால் கால் வராமல் போய்விடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. காரணம் தெரியாத வகை ஸ்கோலியோசிஸில், அனுபவமுள்ள கைகளில், நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அறுவை நடக்கும்போதே தண்டுவடத்தின் சமிக்ஞையை இயந்திரத்தில் தொடர்ந்து கண்காணிப்பார்கள். அந்த வசதி இருக்கிறதா, இந்த அறுவையை இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா, எந்தெந்த எலும்புகளை இணைக்கப் போகிறீர்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. வளைந்த பகுதியில் திருகாணிகளும் கம்பிகளும் பொருத்தி, எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து வளரும்படி செய்வார்கள். ஓரிரு நாளில் நடக்கவைப்பார்கள், சுமார் ஒரு வாரத்தில் வீடு, ஒன்றிரண்டு மாதத்தில் பள்ளி. அதனால் தேதி நம் கையில் இருந்தால் கோடை லீவுக்கு வைப்பது நல்லது. இணைத்த பகுதி குனியாது, மற்றபடி நடை, படிப்பு, வேலை எதுவும் நிற்காது.

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக் கலெக்டர் அலுவலகத்தில் பதியுங்கள். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன், எதெல்லாம் திட்டத்தில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பேச்சு

“வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா” என்ற கேள்விக்காகவே பிரேஸை மறுத்த வீடுகள் உண்டு. வளைவு உள்ள பெண்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பாசி எடுக்கவும் வலை பின்னவும் பாடம் நடத்தவும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. இரண்டு வருஷம் போடும் பிரேஸை விட, வளைவை மறைத்துவைத்ததால் 60 டிகிரியான முதுகுதான் அதிகம் வெளியே தெரியும். பிள்ளையிடம் மறைக்காமல் எண்ணைச் சொல்லி, எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும், புரிந்த பிள்ளைதான் ராத்திரி யாரும் சொல்லாமல் பட்டையைக் கோடு வரை இழுத்துவிடும்.

எப்போது நிறுத்துவது

வயதுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகி, ஆறு மாதமாக உயரக் கோடு ஏறாமல், ரிஸர் 4-க்கு வந்த பிறகு மருத்துவர் பிரேஸை நிறுத்துவார். நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வீட்டில் தம்பி, தங்கைகள் இருந்தால் அவர்கள் முதுகையும் ஒன்பது வயதிலிருந்து தவறாமல் குனியவைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடக் கூடுதல்.